கருத்துக் காட்டும் தாள்: காஃப்க்ரோமிக் ஈபிடி3 ஃபிலிம், ஒரு மதிப்புரை

சின்ன சென்டர்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவ இயற்பியலாளர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: கதிரை அளக்கும் டிடெக்டர்களை வரிசையாக அடுக்கிய டிடெக்டர் அரே ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, அதற்கு மேல் கதிர் பட்டால் கருக்கிற இந்த ஃபிலிமையும் வாங்க நிர்வாகத்திடம் எப்படிப் பணம் கேட்பது, வாங்கினால் உபயோகம் இருக்குமா? வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பொருளின் குறை பாதி அதன் தயாரிப்பில் இருக்கிறது, மீதி பாதி நாம் அதைக் கையாளுகிற விதத்தில் இருக்கிறது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம். நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சையில் டாக்டர் எழுதித் தருவது ஒரு டோஸ், கிரே என்ற அலகில். மார்பகத்துக்கு 15 அமர்வில் 40 கிரே, மூளையில் ஒரு சின்னக் கட்டிக்கு ஒரே அமர்வில் 20 கிரே, இப்படி. அதைப் பிளானிங் கணினி கணக்குப் போட்டு, லினாக் இயந்திரத்துக்கு அனுப்ப, இயந்திரம் நோயாளியைச் சுற்றிக்கொண்டே, ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டன் இலைகளைத் திறந்து மூடிக்கொண்டே, வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே கதிரைக் கொடுக்கிறது. கணினித் திரையில் வண்ண வண்ணமாகத் தெரிகிற டோஸும் உடம்பில் விழுகிற டோஸும் ஒன்றுதானா என்று யாராவது அளந்து பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கதிர் அளவீட்டுக்கான சர்வதேச ஆணையமான ஐசிஆர்யூ 1976-லேயே சொல்லிவிட்டது. அதனால் நோயாளி மேசையில் படுப்பதற்கு முன், அவருக்குப் போட்ட அதே பிளானை பேண்டம் என்கிற பிளாஸ்டிக் கட்டையின் மேல் ஓட்டி அளக்கிறோம்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாடப்புத்தக உதாரணங்கள் இருக்கின்றன. 1996-ல் கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் கோபால்ட் மூலத்தை மாற்றிய பிறகு நிமிடத்தின் பின்னத்தையும் விநாடியையும் குழப்பிக்கொண்டதில் 115 நோயாளிகளுக்கு வேண்டியதைவிட மிக அதிகமான டோஸ் போனது. பனாமாவில் 2000, 2001 வாக்கில் தடுப்புக் கட்டைகளின் விவரத்தைக் கணினியில் வேறு மாதிரி உள்ளிட்டதில் சிகிச்சை நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 28 பேர் பாதிக்கப்பட்டார்கள். நியூயார்க்கில் 2005-ல் நடந்ததுதான் இந்த ஃபிலிமோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: பிளானைச் சேமிக்கும்போது கணினி நின்றுபோய், இலைகளின் அசைவு பற்றிய தகவல் சேராமலேயே, இலைகள் முழுக்கத் திறந்தபடி ஒருவருக்கு மூன்று அமர்வு போய்விட்டது. சரிபார்க்கும் அளவீட்டை அதற்குப் பிறகுதான் செய்தார்கள். முதல் அமர்வுக்கு முன் ஒரே ஒரு தாளைக் கதிரின் கீழே வைத்திருந்தால் போதும், வளைந்து நெளிந்த வடிவம் வரவேண்டிய இடத்தில் பெரிய கருப்புச் சதுரம் வந்திருக்கும். அதைப் பார்த்து அடையாளம் காண டோஸ் கணக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். அமெரிக்காவின் ஆஷ்லாண்ட் நிறுவனத் தயாரிப்பு. பெட்டியில் 25 தாள், ஒவ்வொன்றும் 8-க்கு 10 அங்குலம். 28 மைக்ரான் கனமுள்ள வேலை செய்யும் படலம், அதன் இரண்டு பக்கமும் 125 மைக்ரான் பாலியெஸ்டர். படலத்துக்குள் ஊசி ஊசியாக இருக்கும் மிக நுண்ணிய படிகங்கள் கதிர் பட்டதும் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன, நிறம் அடர்த்தியாகிறது. வெளிர் மஞ்சள் பச்சையாக இருக்கும் தாள், டோஸ் ஏற ஏறக் கரும்பச்சையாகிறது. டார்க் ரூம் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். அறை வெளிச்சத்தில் வெட்டலாம், ஒட்டலாம், தண்ணீர் பேண்டத்துக்குள்கூடக் கொஞ்ச நேரம் வைக்கலாம், ஓரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் தண்ணீர் ஏறும். வெயில் மட்டும் படக் கூடாது. முந்தைய ஈபிடி2-வில் படலம் நடுவில் இல்லாததால் எந்தப் பக்கம் மேலே என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது, 2011-ல் வந்த ஈபிடி3-யில் அந்தத் தலைவலி இல்லை. ஸ்கேனர் கண்ணாடியில் வளையம் வளையமாக விழுகிற நியூட்டன் வளையங்களும், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியதால் போய்விட்டன.

இதன் பலம் நுணுக்கம். இந்த ஒரு விஷயத்தில் இதற்குப் போட்டி கிடையாது. எங்கள் துறையில் பரவலாக இருக்கிற ஆர்க்செக் என்ற அரே கருவியில் 1386 டையோடுகள் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லிமீட்டர். மேட்ரிக்ஸ் அரேயில் கதிரை அளக்கும் சின்னக் காற்றறைகளான அயனிச் சேம்பர் 1020, இடைவெளி 7.62 மில்லிமீட்டர். வழக்கமான புரோஸ்டேட், கழுத்துப் பிளான்களுக்கு இது தாராளம், நானும் அவற்றுக்கு அரேயைத்தான் எடுப்பேன், பத்து நிமிடத்தில் முடிவு கையில் இருக்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள மூளைக் கட்டிக்குப் போட்ட பிளானை நினைத்துப் பாருங்கள். டோஸ் மலை மாதிரி எழுந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் சரிந்துவிடும். அந்தச் சரிவின் மேல் ஒரு டையோடுகூட உட்கார்ந்திருக்காது. டோஸ் அளக்க வழக்கமாக எடுக்கிற ஃபார்மர் சேம்பரோ சுமார் 2.3 சென்டிமீட்டர் நீளம், அது மலையையும் சமவெளியையும் சேர்த்துச் சராசரி எடுத்து ஒரு எண்ணைத் தரும். ஃபிலிமை 72 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தாலே 0.35 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. பார்வை நரம்பு பக்கத்திலேயே இருக்கிற நோயாளிக்கு, சரிவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதுதான் முழுக் கேள்வியும், அந்தக் கேள்விக்கு அளந்த பதிலைத் தருவது இந்தத் தாள்தான். ரோபோ கையில் லினாக் பொருத்திய சைபர்நைஃப் இயந்திரத்தில், படம் எடுப்பதிலிருந்து கதிர் கொடுப்பது வரை முழுவதையும் பார்க்கிற எண்டு-டு-எண்டு சோதனையில் பந்து வைத்த கனசதுரத்துக்குள் இரண்டு ஃபிலிமைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். இயந்திரத்தின் சுழல் மையத்தைப் பார்க்கிற ஸ்டார் ஷாட், இலைகளின் வரிசையைப் பார்க்கிற பிக்கெட் ஃபென்ஸ் இரண்டுக்கும்கூட இதைப் பயன்படுத்தலாம், பைலினாக் என்ற இலவச மென்பொருளே கணக்குப் போட்டுத் தந்துவிடும்.

நோயாளியின் மேலேயே ஒட்டி அளப்பது இன்னொரு பெரிய உபயோகம், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மார்பகத்தை எடுத்த பிறகு நெஞ்சுச் சுவருக்குக் கதிர் கொடுக்கும்போது தோலில் போதுமான டோஸ் விழ வேண்டும் என்பதற்காக போலஸ் என்கிற ஜெல் பட்டையை மேலே போடுவார்கள். தழும்பு இருக்கிற இடத்தில், அக்குள் பக்கம் வளைகிற இடத்தில் போலஸ் சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், கணினிக்கு அது தெரியாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி, எண் போட்டு போலஸுக்கு அடியில் வைத்தால் எந்த இடத்தில் தோல் டோஸ் குறைகிறது என்று மறுநாள் தெரிந்துவிடும், மூன்றாவது அமர்வுக்குள் திருத்திவிடலாம். உடம்பு முழுக்கத் தோலுக்கு எலக்ட்ரான் கொடுக்கிற சிகிச்சையில் இது இல்லாமல் எனக்கு வேலையே ஓடாது. ஸ்டான்ஃபோர்டு முறையில் நோயாளி ஆறு விதமாக நிற்க, தூரத்திலிருந்து கதிர் வரும். உச்சந்தலை, உள்ளங்கால், தொடை இடுக்கு, மார்பகத்துக்கு அடி மடிப்பு, இங்கெல்லாம் எவ்வளவு விழுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உடல்வாகு மாறும் என்பதால் முந்தைய நோயாளியின் எண்ணை இவருக்குப் போட முடியாது. சூடாக்கினால் ஒளிவிட்டு டோஸைச் சொல்கிற டிஎல்டி சில்லுகளை வைத்தும் அளக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் 400 டிகிரியில் சூடாக்கி எடுக்க ஓவன் வேண்டும், சில்லு ஒரு புள்ளியை மட்டும் சொல்லும். ஃபிலிம் துண்டு மடிப்புக்குள் டோஸ் எப்படிக் குறைந்துகொண்டே போகிறது என்பதையே கோடாகக் காட்டும்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண்.

ஃபிலிம் வாங்கினால் ஃபிலிமோடு முடியாது, ஸ்கேனரும் வாங்க வேண்டும். அதுவும் அலுவலகத்தில் இருக்கிற ஆல் இன் ஒன் உதவாது, ஒளி ஊடுருவிப் போகிற டிரான்ஸ்மிஷன் வசதியுள்ள ஏ3 எப்சன் 12000எக்ஸ்எல் மாதிரி ஒன்று வேண்டும். ஸ்கேனர் மென்பொருளில் நிறத் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 48 பிட் வண்ணத்தில் எடுக்க வேண்டும். யாரோ அதே ஸ்கேனரில் ஆதார் கார்டை ஸ்கேன் செய்துவிட்டுப் போனால் அமைப்பு மாறிப்போய் இருக்கும், அதனால் அந்த ஸ்கேனரை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள், கண்டிப்பாக இருங்கள். விளக்கு சூடேறும் வரை முதல் சில ஸ்கேன்களைத் தூக்கிப் போட வேண்டும். படிகங்கள் ஊசி வடிவில் ஒரே திசையில் படுத்திருப்பதால் தாளை நெடுக்காக வைத்தால் ஒரு அளவு, குறுக்காக வைத்தால் வேறு அளவு காட்டும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் மூலையிலும் குறி போடுங்கள், வெட்டிய பிறகு எது எந்தத் திசை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கண்ணாடியின் நடுவிலிருந்து பக்கவாட்டில் விலக விலக டோஸ் கூடுதலாகத் தெரியும், அதுவும் டோஸ் அதிகமான இடத்தில் இந்தப் பிழையும் அதிகம். அட்டையில் ஒரு சட்டம் வெட்டி ஸ்கேனரின் நடுவில் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள், தாள் எப்போதும் ஒரே இடத்தில் உட்காரும். மேலே ஒரு கண்ணாடித் தகடும் வேண்டும், இல்லையென்றால் தாள் சுருண்டு எழும்பி அதற்கும் ஒரு பிழை.

அப்புறம் நேரம். கதிர் பட்டு முடிந்த பிறகும் தாள் மெல்லக் கருத்துக்கொண்டே இருக்கும், முதல் சில மணி நேரம் அதிகமாக, பிறகு குறைவாக. அதனால்தான் வழக்கமாக 24 மணி நேரம் கழித்து ஸ்கேன் செய்கிறோம். நாளைக் காலை நோயாளிக்கு ஆரம்பிக்க வேண்டும், பிளான் இன்று மாலைதான் முடிந்தது என்றால் என்ன செய்வது? இதற்கு ஒரே ஸ்கேனில் முடிக்கிற முறை இருக்கிறது: பிளான் ஓடிய தாளோடு, தெரிந்த டோஸ் கொடுத்த ஒரு பட்டை, கதிரே படாத ஒரு பட்டை மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரே தடவையில் ஸ்கேன் செய்வது. இரண்டு கதிர்வீச்சுக்கும் இடைப்பட்ட நேரத்தைப்போல நான்கு மடங்காவது காத்திருந்தால் போதும். நான் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன், முழு நாள் காத்திருப்பதைவிட இதில் நம்பிக்கையும் அதிகம், ஏனென்றால் அன்றைய ஸ்கேனரின் மனநிலை எல்லாத் துண்டுக்கும் ஒன்றுதான்.

ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கும், தனிக் கேலிபிரேஷன் வேண்டும், எந்த நிற அடர்த்தி எந்த டோஸ் என்று சொல்கிற வளைகோடு அது. பெட்டி மாறினால் லாட் எண்ணைப் பாருங்கள், மாறியிருந்தால் பூஜ்யத்திலிருந்து உங்கள் அதிகபட்ச டோஸையும் தாண்டிப் படிப்படியாகக் கொடுத்துப் புதிய வளைகோடு எடுத்தே ஆக வேண்டும். அந்த டோஸ்களைக் கொடுக்கும் லினாக் அன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்று அயனிச் சேம்பரால் முதலில் அளந்துகொள்ளுங்கள், ஃபிலிமின் துல்லியம் கடைசியில் அந்தச் சேம்பரின் துல்லியத்தின் மேல்தான் நிற்கிறது. சிவப்புச் சேனல் மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதைவிட மூன்று நிறச் சேனல்களையும் சேர்த்துப் பயன்படுத்தினால், படலத்தின் கனம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுவதால் வருகிற பிழையைப் பெருமளவு கழித்துவிடலாம், ஃபிலிம்கியூஏ ப்ரோ என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் 2, 3 சதவீதத்துக்குள் நம்பலாம். செய்யாவிட்டால் 10 சதவீதம் தவறான ஒரு அழகான வண்ணப் படம் கிடைக்கும், பார்க்கிறவர் நம்பிவிடுவார், அதுதான் பயம்.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிற பொருள் இது. ஒரு விநியோகஸ்தர் மே மாதத்தில் அனுப்பிய பெட்டி கூரியர் கிடங்கில் கிடந்துவிட்டு வந்து சேர்ந்தபோது, கதிரே படாத தாளே வழக்கத்தைவிடக் கருத்து, அதுவும் ஒரு ஓரத்தில் அதிகமாகவும் இன்னொரு ஓரத்தில் குறைவாகவும் இருந்தது. மாற்றித் தர மறுத்துவிட்டார், சீல் பிரித்துவிட்டீர்களே என்றார். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? அதிலிருந்து ஆர்டர் போடும்போதே குளிரூட்டிய போக்குவரத்து, வந்தவுடன் ஒரு தாளைச் சோதிக்கும் உரிமை இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். சனி ஞாயிறு ஏசி அணைக்கிற கட்டடமாக இருந்தால் அலமாரி வேண்டாம், தனியாக ஒரு சின்னக் குளிர்பெட்டி வையுங்கள். பெட்டியின் மேல் காலாவதித் தேதி இருக்கும், மீதி வருடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டே வாங்குங்கள்.

இந்தத் தாளால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். பேண்டத்தில் வைத்துப் பார்ப்பது, இயந்திரம் பிளானைச் சரியாக நிறைவேற்றுகிறது என்பதைத்தான் சொல்லும். பதினேழாவது அமர்வில் நோயாளி எடை குறைந்து, தலையை அசையாமல் பிடிக்கிற முகமூடி தளர்ந்து கிடக்கும்போது அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அது சொல்லாது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிலையத்தில், உடம்பைத் தாண்டி வருகிற கதிரை இயந்திரத்தின் இபிஐடி தட்டால் பிடித்து டோஸைத் திரும்பக் கணக்கிட்டார்கள். 2005-லிருந்து 2009 வரை 4337 சிகிச்சைகளைப் பார்த்ததில் 17 பெரிய பிழைகள் அகப்பட்டன, அவற்றில் 9 சிகிச்சைக்கு முந்தைய சோதனையில் பிடிபட்டிருக்கவே முடியாதவை. ஆகவே உங்கள் லினாக்கில் இபிஐடி இருந்து, மென்பொருளுக்கும் பணம் இருந்தால் அதை முதலில் வாங்குங்கள், ஃபிலிமை இரண்டாவதாக. புரோட்டானிலும் கவனம் தேவை, சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை நடப்பதால் சொல்கிறேன்: கதிர் நிற்கிற பிராக் முனையில் இந்தத் தாள் இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும், திருத்தம் போடாமல் அந்த எண்ணை எடுக்கக் கூடாது.

காமா பற்றி ஒரு வார்த்தை (காமாக் கதிர் இல்லை, அளந்த டோஸையும் கணக்கிட்ட டோஸையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடுகிற முறை), ஏனென்றால் இதில்தான் மனம் கொதிக்கிறது. அளந்ததையும் கணக்கிட்டதையும் ஒப்பிட, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏஏபிஎம்-இன் டிஜி-218 அறிக்கை 2018-ல், டோஸில் 3 சதவீதம், இடத்தில் 2 மில்லிமீட்டர் என்ற எல்லைக்குள் 95 சதவீதப் புள்ளிகள் வந்தால் பாஸ் என்று வரையறுத்தது. ஃபிலிம் முடிவு 91-ல் நிற்கும்போது, டோஸை இரண்டு சதவீதம் ஏற்றி, படத்தை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, 97 ஆக்கிக் கையெழுத்துப் போடுவது மிக எளிது, மென்பொருளே அதற்குப் பட்டன் வைத்திருக்கிறது. அந்த இரண்டு சதவீதமும் ஒரு மில்லிமீட்டரும்தான் நாம் தேடிக்கொண்டிருந்தது. ஏற்றாமல் நகர்த்தாமல் வந்த முடிவை முதலில் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அப்புறம் வித்தியாசம் ஏன் என்று தேடுங்கள், ஸ்கேனரா, பேண்டம் வைத்ததா, இலையா, பிளானா. பாதி நேரம் ஸ்கேனராகத்தான் இருக்கும், தெரியும். மீதிப் பாதி நேரத்துக்காகத்தான் இந்த வேலையே.

யார் எதை வாங்கலாம்? சின்னக் கட்டிக்குச் சில அமர்விலேயே அதிக டோஸ் கொடுக்கிற ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை செய்கிற எந்த சென்டரும் ஃபிலிம் இல்லாமல் இருக்கக் கூடாது. அவர்கள் கூடவே ஈபிடி-எக்ஸ்டி பெட்டி ஒன்றும் வாங்கட்டும், ஏனென்றால் ஈபிடி3 நன்றாக வேலை செய்வது 10 கிரே வரைக்கும், அதற்கு மேல் கருப்பில் கருப்பைப் பிரித்துப் பார்க்கிற நிலை, எக்ஸ்டி-யோ 40 கிரே வரை தாங்கும், பக்கவாட்டுப் பிழையும் அதில் குறைவு. எளிய பிளான்கள் மட்டும் போகிற, ஒரே இயற்பியலாளர் இருக்கிற இடத்தில் எல்லா நோயாளிக்கும் ஃபிலிம் என்று ஆரம்பிக்காதீர்கள், இரண்டு மாதத்தில் களைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். மாதாந்திர இயந்திரச் சோதனைக்கும், தோல் டோஸ் சந்தேகம் வருகிற நோயாளிகளுக்கும், அரே முடிவு புரியாமல் நிற்கிற பிளானுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டி நிறைய நாள் வரும். இப்போது ஈபிடி4 வந்துவிட்டது, கையாளுகிற விதம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பழைய ஈபிடி3 வளைகோட்டை அதற்குப் போடாதீர்கள், ஒரு தாளை அதற்கென்றே ஒதுக்கிப் புதிதாக எடுங்கள்.